எட்டும் பதினேழும்

சாந்தா ரோசா புயல் இந்த முறை
கூரையைத் தொடவில்லை.
கம்பி வழியே உள்ளே வந்து
பால் கூட்டுறவின் கணினியை மட்டும்
கருக்கிவிட்டுப் போயிற்று.

கொலோனியா வால்தென்ஸே.
ஆகஸ்ட் கடைசி, இரவு பதினொன்றரை.
புதுப் பெட்டியின் தெர்மாக்கோல் காலடியில் நொறுங்க
உட்கார்ந்திருக்கிறேன்.
நாலரைக்கு முதல் லாரி.
அதற்குள் இந்த இயந்திரம்
கொழுப்பை அளக்கக் கற்றிருக்க வேண்டும்.

நிரலை எழுதியவன் லாகுயெஸ்தா.
2014இல் எழுதினான். 2017இல் வலென்சியாவுக்குப் போனான்.
விட்டுச் சென்றது ஒரே வரி:
'ரன்டைம் வேண்டும்.'
எது என்று இல்லை.
'உப்பு தேவையான அளவு' என்பது மாதிரி.

திரையில் வரிசையாக நிற்கிறார்கள்:
எட்டு, பதினொன்று, பதினேழு, இருபத்தொன்று.

புதியதற்குள் பழையது இருக்கும் என்று நினைத்தேன்,
கடலுக்குள் ஆறு இருப்பது போல.
கடலைக் குடிக்க முடியாது என்பதை
அந்த நேரத்தில் யார் நினைக்கிறார்கள்?

இருபத்தொன்றை நிறுவினேன்.
ஒரு சின்னச் சன்னல் திறந்தது,
எதையோ காணோம் என்றது, மூடிக்கொண்டது.
பதினேழு: அதே சன்னல், அதே முகம்.
பதினொன்று ஓடியது!
யாருமில்லாத அறையில் கைதட்டினேன்.
முந்தின நாள் கோப்பைத் திறந்தேன்.

எபேர் ரோஸ்தானின் ஜெர்சி மாடுகள்:
கொழுப்பு, நாற்பத்தொன்பது சதவீதம்.

அது பால் இல்லை, வெண்ணெய்.
மடியிலேயே கடைந்துவிட்டனவா என்று
ஒரு நிமிடம் உண்மையாகவே யோசித்தேன்.
பிறகுதான் பார்த்தேன்.
4,9 என்று இருந்ததில்
காற்புள்ளியை விழுங்கியிருக்கிறது பதினொன்று.
நாங்கள் பின்னத்தைக் காற்புள்ளியால் பிரிக்கிறவர்கள்.
அதற்கோ அது
ஆயிரங்களுக்கு நடுவே விழும் தூசி.
பிழைச்செய்தி கிடையாது. சிவப்பு எழுத்து கிடையாது.
முகத்திலடித்து மறுத்த இருபத்தொன்றின் மேல்
அப்போது கொஞ்சம் மரியாதை வந்தது.
இது தலையாட்டிக்கொண்டே
பத்து மடங்கு பணம் கொடுத்திருக்கும்.

மிச்சம் எட்டு.
எட்டுக்கு இரண்டு உடம்பு.
அறுபத்து நான்கு பிட்டுக்கு
அறுபத்து நான்கு கலையும் தெரிந்திருக்கும் என்று
அதை எடுத்தேன்.
காற்புள்ளி திரும்பி வந்தது.
பால்மானி வாய் திறக்கவில்லை.
பச்சை விளக்கை மட்டும் காட்டிக்கொண்டு
ஊமைக்கோட்டான் போல் இருந்தது.
அதன் டிரைவர் முப்பத்திரண்டு பல்லோடு பிறந்தது.
தன் பல்வரிசைக்காரரோடுதான் பேசுமாம்.

மணி ஒன்றே முக்கால்.
நீக்கு. நிறுவு.
மாத்தே ஆறி, வைக்கோல் தண்ணீராகிவிட்டது.
முப்பத்திரண்டு பிட் எட்டு
உள்ளே போனதும்
பால்மானியின் குழாய் ஒரு முறை விக்கியது.
அந்தச் சத்தத்துக்காக நான்
மூன்று மணி நேரமாகக் காத்திருந்தேன்.

தூங்கப் போகலாம் என்று எழுந்தால்
வரி அலுவலகத்துக்குப் பில் அனுப்பும் நிரல்.
பதினேழுக்குக் கீழே
அது வாசல் மிதிக்காது.

சரி. ஒரு கூரை, இரண்டு உலை.
எட்டுக்கு ஒரு கோப்புறை, பதினேழுக்கு ஒரு கோப்புறை.
யார் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும் என்று
நிரல் ஒவ்வொன்றுக்கும்
முழு முகவரி எழுதிக் கொடுத்தேன்.
பொதுவாக யாராவது 'ரன்டைம்!' என்று கூவினால்
பதினேழு வரட்டும்.
இருபத்தொன்று சத்தமில்லாமல் போனது.
பதினொன்றை நீக்கும்போது மட்டும்
'உறுதியா?' என்று கேட்டது கணினி.
அந்தக் கேள்வியை
நாற்பத்தொன்பதின்போது கேட்டிருக்கலாம்.

திரையின் கீழே டேப் ஒட்டி எழுதினேன்:
எட்டை நீக்காதீர்கள்.
பழையது என்று எனக்கும் தெரியும். — சுல்மா பெந்தாங்கோர்.

நாலு இருபதுக்கே வந்துவிட்டார் ரோஸ்தான்,
பூட்ஸில் புயலின் சேற்றோடு.
நடந்ததைச் சொன்னேன்.
தொப்பியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் யோசித்தார்.
'அந்தப் பதினொன்றை
ஒரு மாதம் மட்டும் விட்டுவைத்திருக்கக் கூடாதா, சுல்மா?'

முதல் குப்பி சுழன்றது.
5,1.
மழைக்குப் பிறகான புல்லாக இருக்கலாம்.
அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு
காற்புள்ளி இருந்த இடத்தை
இன்னொரு முறை பார்த்தார்.